நனையத்தான் போகிறீர்கள், முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள்

போன இதழில் மலேசியாவில் பகாங்கின் தாமான் நெகாரா தேசியப் பூங்காக் காட்டுக்குள் நான்கு நாள் நடந்துவிட்டு வந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் மூட்டை கட்டுவார்கள் என்று நினைக்கவே இல்லை. வந்த கேள்விகளில் பாதி ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றி, கால்வாசி புலியைப் பற்றி, மீதி கழிப்பறையைப் பற்றி. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒருவர் பெயரில் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எஸ்.கே., கிள்ளான்: நண்பர்கள் ஐந்து பேர் மூன்று நாள் நடைக்குப் பதிவு செய்துவிட்டோம். உள்ளே ஒரு நாள் உண்மையில் எப்படிப் போகும், ஐயா? படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள்.

படம் எடுக்கும்போது யார்தான் அழுவார்கள்? நான் நடந்த கணக்கைச் சொல்கிறேன். பூங்காவின் வாசலில் இருக்கும் கோலா தகான் கிராமத்திலிருந்து காலையில் நீளப் படகில் தெம்பெலிங் ஆற்றின் எதிர்த்திசையில் கோலா கெனியாம் வரை போய் இறங்கினோம். படகில் காற்று வாங்கிக்கொண்டு வந்தபோது "இவ்வளவுதானா காடு" என்று தோன்றியது. கரையேறிப் பத்து நிமிடம் நடந்ததும் காற்று நின்றுவிட்டது. வெயிலும் இல்லை, ஏனென்றால் மேலே இலைக்கூரை அடைத்துக்கொண்டிருக்கிறது, நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வெளிச்சம்தான் தரைக்கு வரும். ஆனால் புழுக்கம் இருக்கிறதே, இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி. வியர்வை வழியும், காயாது. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வைக்குப் போக இடமில்லை, அதனால் உடம்பு குளிராது, குளிரவில்லை என்று உடம்பு இன்னும் வியர்க்கும். அரை மணி நேரத்தில் சட்டை பிழிகிற அளவுக்கு ஆகிவிடும், அது ஒரு சொட்டு மழை பெய்வதற்கு முன்னாலேயே.

வேகத்தைப் பற்றி வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். ஊர்ப் பூங்காவில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர் இங்கே ஒன்றரை நடந்தால் பெரிய விஷயம். வேர்கள், வழுக்கும் களிமண், குறுக்கே விழுந்து கிடக்கும் மரம். அந்த மரத்தின் மேலே ஏறுவதா, அடியில் தவழ்வதா என்று முதுகில் பன்னிரண்டு கிலோவோடு யோசிக்க வேண்டும். அப்புறம் பிரம்பு. பள்ளியில் ரோத்தான் அடி வாங்கியவர்களுக்கு ஒரு தகவல், அது முளைக்கும் இடம் இதுதான். காட்டில் அதற்கு அடிக்கிற வேலை இல்லை, பிடிக்கிற வேலை. நுனியில் சாட்டை மாதிரி ஒரு கொடி தொங்கும், அதில் பின்பக்கம் வளைந்த கொக்கி முட்கள். சட்டையில் மாட்டியதும் எல்லாரும் முன்னால் இழுப்பார்கள், அது தோலோடு சேர்த்துக் கிழிக்கும். மாட்டினால் நில்லுங்கள், ஒரு அடி பின்னால் வையுங்கள், தானாகக் கழன்றுவிடும். என் வலது காதின் ஓரத்தில் இன்னும் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. முதல் தடவை இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மதியம் மூன்று, நான்கு மணிக்கு மழை வரும். வந்தால் மேலே இலைகளில் விழும் சத்தம்தான் முதலில் கேட்கும், சில நிமிடம் கழித்துத்தான் தலையில் விழும். மழை நின்ற பிறகும் மரம் அரை மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். மழைச்சட்டை போட்டால் உள்ளே வியர்வையில் நனைவீர்கள், போடாவிட்டால் வெளியே மழையில் நனைவீர்கள். இதில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள், நனையாமல் இருக்கப் போராடியே பாதி சக்தி போய்விடுகிறது. பகல் முழுக்க நனையுங்கள், பரவாயில்லை. ஆனால் இரவுக்கு ஒரு ஜோடி உடுப்பு, ஒரு ஜோடி காலுறை, தூங்கும் விரிப்பு, இவை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் நனையக் கூடாது. தடித்த கறுப்புக் குப்பைப் பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, உள்ளே வைத்து, வாயை முறுக்கிக் கட்டி, பையின் நடுவில் திணியுங்கள். பைக்கு மேலே போடும் மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும்.

மறுநாள் காலையில்தான் சோதனை. உலர்ந்த உடுப்பைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிட்டு, நேற்றைய ஈரக் கால்சட்டையை, குளிர்ந்துபோய் நாற்றம் வேறு, காலில் ஏற்ற வேண்டும். "இன்றைக்கு மட்டும் உலர்ந்ததைப் போட்டுக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னார். அன்றிரவு அவர் தூங்கவில்லை. பற்கள் கிடுகிடுத்த சத்தத்தில் நாங்களும் தூங்கவில்லை. வெப்பமண்டலக் காட்டில் குளிரா என்று கேட்காதீர்கள், ஈரத் துணியோடு விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்துப் பாருங்கள்.

ஜி.டி., தெலுக் இந்தான் (இன்னும் பதினோரு பேர்): அட்டை!

ஒரே சொல்லில் கேள்வி அனுப்பியதற்கு நன்றி.

நம்மில் பலருக்குத் தோட்டத்துப் பாட்டி யாராவது அட்டைக் கதை சொல்லியிருப்பார். மலாய்க்காரர்கள் தரையில் இருப்பதை பச்சாட் என்பார்கள், தண்ணீரில் இருப்பதை லிந்தா என்பார்கள். நடையில் நம் விருந்தாளி பச்சாட். அதிலும் இரண்டு வகை. பழுப்பு நிறத்தது தரையிலிருந்து காலுறை வழியாக ஏறும், கடிப்பதே தெரியாது. மற்றது புலி அட்டை, உடம்பில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், இடுப்பு உயரத்தில் இலை விளிம்பில் நின்றுகொண்டு ஆள் வருகிறானா என்று காற்றில் துழாவிக்கொண்டிருக்கும். அது கடித்தால் சுருக்கென்று தெரியும். குனிந்து ஒரே இடத்தை இரண்டு நிமிடம் பார்த்தால் காய்ந்த இலைகளுக்கு நடுவே நூல் துண்டு ஒன்று எழுந்து நிற்கும், வளைந்து, நிமிர்ந்து, வளைந்து, நேராக உங்கள் காலணியை நோக்கி வரும். வரிசையில் முதலில் போகிறவர் எழுப்பிவிடுவார், மூன்றாவது, நான்காவது ஆள்தான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அதனால் யாரை முன்னால் விடுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடித்தால் உப்பு, நெருப்பு, தைலம் எதுவும் வேண்டாம். அதிர்ச்சியில் அது வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடக் கூடும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளுங்கள், பிடி விட்டதும் மறுமுனையைத் தள்ளிச் சுண்டி விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க எதையோ செலுத்திவிட்டுத்தான் போகும், அதனால் சில மணி நேரம் கசியும். பார்க்கத்தான் பயங்கரம், போகும் ரத்தம் ஒன்றும் பெரிதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி ஒட்டுத்துணி போடுங்கள். சொரியாதீர்கள், சொரிந்துதான் புண்ணாக்கிக்கொள்கிறோம்.

தடுக்க முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை நல்லது. காலுறையில் சவர்க்காரம் தேய்ப்பது, புகையிலைத் தண்ணீரில் நனைப்பது எல்லாம் தோட்டத்து வழக்கம். ஓடையைக் கடக்கும் வரை வேலை செய்யும், அப்புறம் கழுவிக்கொண்டு போய்விடும். நோய் பரப்புமா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். கொசுவைப் பார்த்துப் பயப்படுங்கள், அட்டையைப் பார்த்து வேண்டாம்.

ஒரு வாசகர், சிரம்பான்: பயண ஏற்பாட்டாளர் "புலி, யானை, தாபிர் எல்லாம் பார்க்கலாம்" என்று சொல்லிக் காசு வாங்கினார். மூன்று நாளில் நாங்கள் பார்த்தது ஒரு காட்டுப்பன்றியின் பின்பக்கம். இது மோசடி இல்லையா?

பன்றியையாவது பார்த்தீர்களே. தேசியப் புலிக் கணக்கெடுப்பு 2016 முதல் 2020 வரை நடந்தது, அதன்படி இந்தத் தீபகற்பம் முழுவதிலும் காட்டில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. தாமான் நெகாரா மட்டும் 4,343 சதுர கிலோமீட்டர், பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் கிடக்கிறது. இதில் புலி பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தவரிடம் மறுபடி போகாதீர்கள், அவ்வளவுதான் என் தீர்ப்பு.

மழைக்காடு ஆப்பிரிக்கப் புல்வெளி இல்லை. பத்து மீட்டருக்கு அப்பால் யானையே நின்றாலும் தெரியாது. நீங்கள் வரும் சத்தம் அதற்கு முதலிலேயே கேட்டுவிடும். பார்க்க வேண்டுமானால் நடக்கக் கூடாது, உட்கார வேண்டும். உப்பு மண் இருக்கும் இடங்களுக்கு விலங்குகள் இரவில் வரும், அந்த இடங்களைப் பார்த்தபடி பும்புன் என்று சொல்லப்படும் மறைவுக் குடில்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். கோலா தகானிலிருந்து நடந்தால் சுமார் 11 கிலோமீட்டரில் பும்புன் கும்பாங் இருக்கிறது. மரப் பலகைக் கட்டில், வேறு வசதி பெரிதாகக் கிடையாது. விளக்கை அணைத்து, பேச்சை நிறுத்தி, முறை போட்டு விழித்திருந்தால் மான் வரலாம், தாபிர் (பன்றி மாதிரி உடம்பும் குட்டித் தும்பிக்கையும் உள்ள விலங்கு) வரலாம், விடியும் வரை எதுவும் வராமலும் போகலாம். நான் அங்கே பார்த்தது, இரவு இரண்டு மணிக்கு, தலையும் கால்களும் கறுப்பு, முதுகும் வயிறும் வெள்ளையாக ஒரு தாபிர். வெள்ளைப் பகுதி மட்டும்தான் தெரிந்தது, யாரோ சலவைத் துணியை நடத்திக் கூட்டிப்போகிற மாதிரி.

கால் தடம், சாணம், மரத்தில் நகக் கீறல், இவற்றைக் காட்டச் சொல்லி வழிகாட்டியைக் கேளுங்கள். அதில்தான் சுவை.

வி.ஆர்., ஜொகூர் பாரு: சபாவின் கினாபாலு மலை 4,095 மீட்டர், போன வருடம் ஏறிவிட்டேன். தாமான் நெகாராவில் இருக்கும் குனோங் தகான் மலை 2,187 மீட்டர்தான். பாதிதானே, தனியாகப் போகலாமா?

தம்பி, இந்தக் கணக்கில் பலர் வழுக்கியிருக்கிறார்கள். கினாபாலுவில் நீங்கள் நடக்கத் தொடங்கிய திம்போஹோன் வாயிலே 1,866 மீட்டரில் இருக்கிறது, வண்டியில் போய் இறங்கினீர்கள். கோலா தகான் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் அளவில்தான். ஆக, ஏறும் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதோடு கினாபாலுவில் இரவு கட்டில், சுடுசோறு, மறுநாள் வீடு. தகானில் கோலா தகான் வழியாகப் போய்த் திரும்ப ஏழு நாள் வைத்துக்கொள்ள வேண்டும். பூங்காவின் மேற்கே மெராப்போ பக்கமிருந்து ஏறினால் மூன்று, நான்கு நாள். சோறு, சட்டி, கூடாரம் எல்லாம் உங்கள் முதுகில். நேராக ஏறவும் விடாது. மெலந்தாய் முகாமிலிருந்து பூத்தே முகாம் வரை 27 குன்று என்று மலையேறிகள் எண்ணி வைத்திருக்கிறார்கள், ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. அப்புறம் தகான் ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும், மழையில் ஆறு ஏறிவிட்டால் இறங்கும் வரை கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

தனியாகப் போக அனுமதி கிடையாது. வழிகாட்டி கட்டாயம். உள்ளே என்னென்ன பொட்டலம், டின் எடுத்துப் போகிறீர்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, திரும்பும்போது குப்பையைச் சரிபார்ப்பார்கள். முதலில் ஒரு மூன்று நாள் தாழ்நிலக் காட்டு நடை போய்விட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன், அது போதுமா?

முழங்காலுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே முன்னாலும் பின்னாலும் ஆள் இருப்பார்கள், வழியில் சோடாவும் கிடைக்கும். இங்கே மூன்று நாளில் நாங்கள் எதிரே பார்த்த மனிதர்கள் மொத்தம் ஒன்பது பேர்.

கே.எம்., பெட்டாலிங் ஜெயா: எனக்கு 42 வயது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். கழிப்பறை? மாதவிலக்கு நாளில் வந்துவிட்டால்?

கூச்சப்பட ஒன்றுமில்லை, அம்மா. முதல் நாள் இரவு எல்லாரும் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். முகாம்களில் கழிப்பறை கிடையாது. ஒரு சிறிய கைமண்வெட்டி குழுவுக்கு ஒன்று போதும். ஓடையிலிருந்தும் முகாமிலிருந்தும் அறுபது, எழுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணை மூடுங்கள். போகும்போது விசில் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டில் வழி தவறுவது நடக்கும்போது அல்ல, இதற்கு ஒதுங்கும்போதுதான். முப்பது அடி போய்த் திரும்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கும். பகலிலும் கைவிளக்கோடு போகிறவள் என் மனைவி, ஆரம்பத்தில் சிரித்தேன், இப்போது நானும் அப்படித்தான். அப்படியே தவறிவிட்டால் நடக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று மூன்று தடவை விசில் ஊதுங்கள்.

மாதவிலக்குக்கு: அணையாடைகளைக் காட்டில் புதைக்கக் கூடாது, பன்றி தோண்டிவிடும். கறுப்புப் பையில் கொஞ்சம் தேயிலைத் தூள் போட்டு அதில் வைத்துக் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும், நாற்றம் தெரியாது. மாதவிலக்குக் கிண்ணம் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு அது வசதி, ஆனால் காட்டில் போய்ப் பழகாதீர்கள். கை கழுவக் காய்ச்சிய தண்ணீர் கொஞ்சம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்த வாடைக்குப் புலி வரும் என்று யாராவது பயமுறுத்தினால், மேலே சிரம்பான் வாசகருக்குச் சொன்ன கணக்கைக் காட்டுங்கள்.

பி.எல்., சுங்கை பட்டாணி: காலணிக்கு எண்ணூறு ரிங்கிட் செலவழிக்கலாமா?

அந்தக் காசில் குடும்பத்தோடு போய் வாருங்கள். வழிகாட்டியின் காலைப் பாருங்கள், பெரும்பாலும் கம்போங் அடிடாஸ்தான். தெரியாதவர்களுக்கு: பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி, அடியில் காற்பந்துக் காலணி மாதிரிக் குமிழ்கள், சந்தையில் சொற்ப விலை. களிமண்ணில் பிடிக்கும், ஆற்றைக் கடந்தால் தண்ணீர் ஒழுகிவிடும், கனம் இல்லை. தண்ணீர் புகாத விலை உயர்ந்த காலணியில் ஒரு தடவை மேலாக உள்ளே தண்ணீர் போனால் மூன்று நாளைக்கு அது வெளியே வராது, இரண்டு பக்கமும் ஒரு சட்டித் தண்ணீர் சுமந்து நடக்க வேண்டும். ரப்பரில் குறையும் உண்டு, கணுக்காலுக்குப் பிடிமானம் கிடையாது, உள்ளே மெத்தை கிடையாது. தடித்த காலுறை போடுங்கள், ஒரு எண் பெரிதாக வாங்குங்கள், ஊரில் இரண்டு நாள் போட்டு நடந்து பழகுங்கள். ஈரமான பாறையில் எந்தக் காலணியையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, இரண்டாம் நாளிலிருந்து சேற்றுப்புண் வரும். ராத்திரி காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, பூஞ்சைக் கொல்லிப் பொடி போட்டு உலர்ந்த காலுறைக்குள் விடுங்கள். தொடை உரசும் இடத்தில் நடக்கத் தொடங்குமுன்பே வாஸ்லின் தடவுங்கள், புண்ணான பிறகு தடவிப் பயனில்லை. முதல் தடவை நான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

டி.என்., ஈப்போ: நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம், முன்கூட்டியே சொன்னால் போதும். சொல்லும்போது "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், நெத்திலி அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. சம்பலில் பெலாச்சான் இருக்கும், பெலாச்சான் என்றால் இறால். காட்டுச் சமையல் என்பது சோறு, டின் மீன், நெத்திலி சம்பல், மேகி, பிஸ்கட், மைலோ, இவ்வளவுதான். நான் கூடவே கொண்டுபோவது பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய். புளிக்காய்ச்சல் நல்லெண்ணெயில் ஊறியிருப்பதால் கெடாது. மூன்றாம் நாள் இரவு எங்கள் மலாய் வழிகாட்டி மைலோ குவளையில் சோறும் புளிக்காய்ச்சலும் பிசைந்து நின்றபடியே சாப்பிட்டார், பாட்டிலை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பாட்டைத் தொங்கவிடுங்கள். குவா கெப்பாயாங் குகையில் படுத்த இரவு பையைத் தரையில் வைத்துவிட்டேன். முள்ளம்பன்றியோ எலியோ, யாரோ வந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டு பையில் ஜன்னல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நீங்கள் ஈப்போக்காரர் என்பதால் ஒரு கூடுதல் செய்தி. உங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரத்தின் பாலைத்தான் இந்தக் காட்டின் பூர்வகுடிகளான பாத்தேக் மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவுவார்கள். நஞ்சு. வழியில் மரத்தைக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

எம்.ஏ., பினாங்கு: என்ன நோய் வரும்? மலேரியா மாத்திரை வேண்டுமா?

மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள், இந்தப் பகுதியை எழுதுகிறவன் மருத்துவன் இல்லை. இருந்தாலும் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். 2018-லிருந்து மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா பதிவாகவில்லை. இப்போது இருப்பது குரங்கிடமிருந்து கொசு வழியாக நமக்கு வருவது, காட்டுக்குள் போகிறவர்களுக்குத்தான் அது அதிகம். கொசு மருந்தும் முழுக்கைச் சட்டையும் மறக்க வேண்டாம்.

பலர் மறப்பது எலிக்காய்ச்சலை. எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருந்து, தோல் கீறல் வழியாக வரும். 2000-ஆம் ஆண்டு சபாவில் ஈகோ-சேலஞ்ச் என்ற சாகசப் போட்டி நடந்தது, செகாமா ஆற்றில் நீந்திய போட்டியாளர்கள் ஊருக்குப் போன பிறகு டஜன் கணக்கில் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். கவனியுங்கள், ஊருக்குப் போன பிறகு. இரண்டு நாளிலிருந்து நான்கு வாரம் வரை கழித்து வரலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் சாதாரண சளி என்று படுத்துவிடாமல், "காட்டுக்குப் போனேன், ஆற்றில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கீறல்களை மூடி வையுங்கள், ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டராவது குடிக்க வேண்டியிருக்கும், அதில் உப்பும் சேர வேண்டும்.

எல்.எஸ்., கோலாலம்பூர்: பாம்பைத் தவிர வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

பாம்பை நான் மூன்று நடையில் ஒரு தடவைதான் பார்த்தேன், அதுவும் போய்க்கொண்டிருந்தது. கட்டையைத் தாண்டும்போது மறுபக்கம் பார்க்காமல் காலையோ கையையோ வைக்காதீர்கள், கடித்தால் அறுக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கடிபட்ட இடத்தை அசைக்காமல் ஆளை வெளியே கொண்டுவாருங்கள்.

பயப்பட வேண்டியவை இரண்டு: மேலே மரம், பக்கத்தில் ஆறு. மழைக்காட்டு மண் ஆழமில்லாதது, பெரிய மரங்களும் மேலாகத்தான் வேர் விடும். நனைந்த மண்ணில் காற்று வீசினால் எந்த நேரத்திலும் சாயும். கூடாரம் போடுமுன் தலையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுக்கப் பாருங்கள், செத்த கிளை தொங்குகிறதா என்று. ஆற்றில் வருவதை மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும், மலைக்கு மேலே கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். மணல் திட்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதில் படுக்காதீர்கள்.

எப்போது போவது என்பதற்கும் இதுதான் பதில். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வேண்டாம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பூங்காவில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகளைப் படகிலும் ஹெலிகாப்டரிலும் மீட்டார்கள். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை போங்கள், அப்போதும் நனைவீர்கள்.

ஆர்.பி., கூலிம்: எட்டு வயது மகனைக் கூட்டிப் போகலாமா?

மூன்று நாள் நடைக்கு வேண்டாம். மரத்து உச்சியில் கட்டிய தொங்குபாலம், படகு, ஒரு ராத்திரி காட்டு நடை, அவனுக்கு அது போதும். தொங்குபாலம் சில சமயம் மூடியிருக்கும், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்.வி., ரவாங்: பாத்தேக் மக்களின் குடியிருப்பைக் காட்டுகிறோம் என்கிறார்கள். போகலாமா?

போகலாம், ஆனால் விலங்குக்காட்சி சாலைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள். பனையோலைக் கூரை சாய்த்த குடிலில் இருக்கிறார்கள் என்பதால் ஏழைகள் என்று முடிவு கட்டி மிட்டாய் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் வீட்டு முற்றம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், வேண்டாம் என்று முகம் திருப்பினால் கேமராவை இறக்குங்கள். யாராவது இறந்தால் அந்த இடத்தையே விட்டுப் பெயர்ந்துவிடுவது அவர்கள் வழக்கம், ஆகவே போன மாதம் இருந்த குடியிருப்பு இந்த மாதம் வெறும் கம்புகளாக நின்றாலும் வழிகாட்டியைக் குறை சொல்லாதீர்கள். அவர்களிடம் ஒரு விலக்கு உண்டு, விலங்குகளைக் கேலி செய்து சிரிக்கக் கூடாது, சிரித்தால் இடி தெய்வம் கோபித்துப் புயலை அனுப்பும். எங்கள் குழுவில் ஒருவர் அட்டைக்குப் பெயர் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். அன்று மாலை பெய்த மழையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜே.எம்., காஜாங்: மறக்க முடியாத சத்தம் எது?

விடியற்காலையில் உங்கா என்னும் வாலில்லாக் குரங்குகள் மாறி மாறிப் பாடும், ஒரு பக்கம் தொடங்கினால் மறுமலையிலிருந்து பதில் வரும். பெரிய இருவாச்சி தலைக்கு மேலே பறந்தால் சிறகுச் சத்தமே பழைய நீராவி ரயில் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஆனால் என் காதில் நிற்பது இன்னொரு இருவாச்சி, தலையில் கனமான கவசக் கொண்டை உள்ளது. அந்தக் கொண்டையைத் தந்தம் போலச் செதுக்குவதற்காகவே வேட்டையாடி, இன்று அழிவின் விளிம்பில் நிறுத்திவிட்டார்கள். அதைப் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். "டூக்... டூக்..." என்று கோடாலி போடுகிற மாதிரி இடைவெளி விட்டுத் தொடங்கி, வேகம் கூடிக் கூடி, கடைசியில் பைத்தியம் பிடித்தவன் மாதிரி ஒரு சிரிப்பில் போய் முடியும்.

மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் தெபாங் மெந்துவா, மாமியாரை வெட்டிச் சாய்ப்பவன். கதை இதுதான்: மாமியார் உள்ளே இருக்கும்போதே வீட்டின் தூண்களைக் கோடாலியால் வெட்டினானாம் ஒரு மருமகன். வீடு சரிந்ததும் சிரித்தானாம், அப்படியே பறவையாகிவிட்டானாம். எங்கள் வழிகாட்டி இதைச் சொன்ன அதே நேரத்தில் மேலே மறுபடி அந்தச் சிரிப்பு கேட்டது, நாங்கள் ஐந்து பேரும் சேற்றில் நின்றபடி வயிறு வலிக்கச் சிரித்தோம். என் மாமியார் இந்த இதழைத் தவறாமல் படிக்கிறவர், அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.